புதுக் கத்திக்குச் சாணை வேண்டுமா

டோம்னா முதன்முதலாக ஓர் ஆணின் தொண்டையில் சவரக்கத்தி வைத்தது, பக்கவாதத்தில் படுத்துவிட்ட தன் மாமனாருக்காக. கிழவர் ஒரு காலத்தில் வட கிரேக்கத்து ஃப்ளோரினாவில் பாதி ஊருக்குச் சவரம் செய்தவர். அவருடைய மகன், டோம்னாவின் கணவன் த்ரயானோஸ், மீதிப் பாதியையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் மகன் கத்தியை எடுத்துக்கொண்டு கட்டிலருகே போனால் போதும், கிழவரின் கோணிய வாய் திறந்துகொள்ளும். கத்தியைச் சாய்க்காதே, நுரை போதாது, தோலை இழுத்துப் பிடி, என்னிடம்தான் கற்றுக்கொண்டாயா நீ என்று ஓயாமல் குழறுவார். கடைசியில் த்ரயானோஸ் கத்தியை மடக்கி மனைவியின் கையில் கொடுத்தான்.

"நீ போய்ப் பண்ணு. மருமகளைத் திட்ட அவருக்கு வாய் வராது."

"எனக்கு உருளைக்கிழங்குதான் சீவத் தெரியும்."

"அதையே நெனச்சுக்க. மூக்கு வச்ச உருளைக்கிழங்கு."

அவள் முதல் தடவை கத்தியை இறக்கியபோது கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது கன்னத்துக்கு வரும்போது தூங்கியிருந்தார். அவர் சாகிறவரை அந்த முகம் அவள் பொறுப்பாக இருந்தது. அந்த வேலை தனக்குப் பிடித்திருக்கிறது என்பதை டோம்னா யாரிடமும் சொல்லவில்லை. வாய் ஓயாத ஒரு மனிதர் கத்தி பட்டதும் அமைதியாகிவிடுவது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. மாமனார் போன பிறகு அவள் பழையபடி கணவனின் ஆற்றோரத்துச் சலூனின் பின்கட்டில் துண்டு துவைக்கப் போய்விட்டாள். மகன் பஸ்காலிஸ் வளர்ந்தான். அந்தத் தெருவில் பாதிப் பேர் கிளம்பிப் போன ஜெர்மனிக்கு அவனும் கிளம்பிப் போனான்.

பிறகுதான் த்ரயானோஸின் கை ஆட ஆரம்பித்தது.

முதலில் காபிக் கரண்டி தட்டில் கிடுகிடுத்தது. குளிர் என்றான். வெயில் காலம் வந்தும் நிற்கவில்லை. பக்கத்துக் காபிக் கடை ஸீஸிஸ் காபியை ரொம்பக் கடுமையாகப் போடுகிறான் என்றான். தெசலோனிக்கி நகரத்தில் ஒரு டாக்டர் மாத்திரையும் எழுதிக் கொடுத்து நோயின் பெயரையும் சொல்லியிருந்தார். இரண்டையும் அவன் கோட்டுப் பையிலேயே வைத்துக்கொண்டான். சலூனில் வேலை செய்யும்போது மணிக்கட்டை வாடிக்கையாளரின் கன்னத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு மழிப்பான். கொஞ்ச நாள் அந்த உபாயம் ஓடியது.

ஒரு சனிக்கிழமை காலையில் ஓடவில்லை. நாற்காலியில் இருந்தவன் ஸீஸிஸ்தான். ஒரு கன்னம் முடிந்திருந்தது, மறு கன்னத்தில் நுரை. த்ரயானோஸ் கத்தியைத் தூக்கினான், இறக்கினான், மறுபடி தூக்கினான். பிறகு கண்ணாடி முன்னால் இருந்த பலகையில் அதை மெதுவாக வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டான். ஸீஸிஸ் கண்ணாடியில் அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தான். நுரை காய்ந்துகொண்டிருந்தது.

துண்டுக் கட்டோடு உள்ளே வந்த டோம்னா இருவரையும் பார்த்தாள். துண்டுகளை வைத்தாள், கையைத் துடைத்தாள், பிரஷ்ஷை வெந்நீரில் முக்கிப் புதிதாக நுரை போட்டாள். கத்தியை எடுத்தாள்.

"டோம்னா," என்றான் ஸீஸிஸ் மேல்நோக்கிப் பார்த்தபடி, "உனக்கு என் மேல ஏதாவது கோபம் இருக்கா?"

"இருக்கு. கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த பாத்திரத்தை நீ இன்னும் திருப்பல."

"இன்னைக்கே கொண்டாந்துடறேன்."

"அப்போ ஆடாம இரு."

மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. "என் முகத்துல ஒரு பக்கம் புருஷன், ஒரு பக்கம் பொண்டாட்டி" என்று ஸீஸிஸ் காபிக் கடையில் கன்னத்தைத் தடவித் தடவிக் காட்டினான். அடுத்த வாரம் வந்தவர்களில் பாதிப் பேர் வேடிக்கைக்கு வந்தவர்கள். "டோம்னாக்கா, சமைச்சு முடிச்சுட்டுத்தானே வந்தே, கையில வெங்காய வாசனை இல்லையே" என்று கேட்டார்கள். அவள் பதிலுக்கு மூக்கைப் பிடித்துத் தூக்கி மேலுதட்டில் கத்தி வைப்பாள், கேள்வி நின்றுவிடும். பொம்பளையிடம் தாடையைக் கொடுப்பதா என்று ஆற்றுக்கு அக்கரையிலிருந்த வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு. சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவில்லை.

த்ரயானோஸ் தினமும் சலூனுக்கு வந்தான். ஜன்னலோர நாற்காலியில் கைகளைத் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பான். யாரும் அவனுடைய கையைப் பற்றிப் பேசவில்லை. அவனும் பேசவில்லை. ஏதோ தோள்வலி, சரியானதும் எழுந்து வருவான் என்பதுபோல எல்லோரும் நடந்துகொண்டார்கள்.

ஒரு வேலையை மட்டும் அவன் விடவில்லை. கடை மூடியிருக்கும் திங்கட்கிழமைகளில் கத்திகளைச் சாணைக் கல்லில் பிடிப்பது. தோல்வாரில் தீட்டுவது டோம்னாவுக்குத் தெரியும். தினமும் ஒவ்வொரு முகத்துக்கு முன்னாலும் செய்கிற காரியம் அது. கல் வேறு. கல் அவனுடையது, அவன் அப்பாவுடையது. மரப்பெட்டியில் வைத்த மஞ்சள் நிறக் கல்லை யாரும் தொடக் கூடாது. ஆனால் அந்தக் கோடையோடு அதுவும் நின்றது. "வாரில் நல்லாத் தீட்டினா போதும். சும்மா சும்மா கல்லுல வச்சா கத்தி தேஞ்சுடும்" என்று சொல்லிவிட்டான். டோம்னா அதிகமாகத் தீட்டினாள். வார் எவ்வளவு செய்ய முடியுமோ அவ்வளவுதான் செய்தது. இலையுதிர் காலம் வந்தபோது சலூனில் இருந்த கத்தி ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாக மழுங்கிக்கொண்டிருந்தது.

சுவர்களில் சிவப்பு மிளகாய்ச் சரங்கள் தொங்குகிற அந்தப் பருவத்தில் ஸ்டெர்யோஸ் ஜெர்மனியிலிருந்து கல்யாணத்துக்கு வந்தான். த்ரயானோஸ் ஞானஸ்நானத்தில் கையில் ஏந்திய பிள்ளை; அங்கே கத்திக்குப் பேர்போன ஸோலிங்கன் ஊரில் பஸ்காலிஸோடு ஒரே அறையில் தங்கியிருப்பவன். சலூனுக்குள் வந்ததும் ஒரு நீளமான டப்பாவை எடுத்து நீட்டினான்.

"ஞானப்பா, பஸ்காலிஸ் கொடுத்தனுப்பினான். என் கல்யாணச் சவரத்துக்கு இதுதான்னு கண்டிப்பாச் சொன்னான்."

மாப்பிள்ளைக்குப் புதுக் கத்திதான் வைப்பது வழக்கம். டப்பாவில் கறுப்புக் கைப்பிடி போட்ட சவரக்கத்தி இருந்தது, கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. த்ரயானோஸ் அதை இரண்டு கையாலும் பிடித்து, முழங்கையைப் பலகையில் ஊன்றித் திறந்தான். அவன் என்ன சொல்லப் போகிறான் என்று டோம்னாவுக்குத் தெரியும். கல்யாணமான காலத்திலிருந்து கேட்டுவந்த வார்த்தை: புதுக் கத்தி கன்றுக்குட்டி மாதிரி, கல்லில் ஒரு நடை நடக்காமல் அது வேலைக்கு ஆகாது. எத்தனையோ பேர் வாங்கி வந்த புதுக் கத்திகளை, அப்படியே வைத்துவிடு என்று அவர்கள் கெஞ்சினாலும் கேட்காமல், கல்லுக்குக் கொண்டு போனவன் அவன்.

த்ரயானோஸ் கத்தியை மூடினான்.

"ஜெர்மன்காரன் பண்ணினது. கூர் வச்சுத்தான் அனுப்பியிருப்பான். இதைக் கல்லுல வச்சா கெட்டுப்போயிடும்."

டோம்னா நிமிர்ந்து பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை.

"வாங்கும்போது நானும் கூட இருந்தேன், கடைக்காரன் அவன் பாஷையில என்னமோ நீளமாச் சொன்னான்," என்றான் ஸ்டெர்யோஸ். "கல்லுல பிடிக்கச் சொன்னானா, பிடிக்க வேணாம்னு சொன்னானா தெரியல. நான் தலையை ஆட்டிட்டு வந்துட்டேன்."

"வேணாம்னுதான் சொல்லியிருப்பான்" என்றான் த்ரயானோஸ்.

மறுநாள் டோம்னா அந்தக் கத்தியை வாரில் தீட்டி ஸீஸிஸின் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். பார்வைக்கு இருந்த பளபளப்பு வேலையில் இல்லை. கன்னத்தில் எப்படியோ போயிற்று. தாடைக்குக் கீழே வந்ததும் மயிரைக் கவ்விக்கொண்டு நின்றது.

"என்ன டோம்னா, கோழியா உரிக்கறே?"

"உன் தாடி பன்னி மயிரு," என்று ஜன்னலோரத்திலிருந்து த்ரயானோஸ் சொன்னான். "கத்தி என்ன பண்ணும்?"

"நேத்து வரைக்கும் இதே பன்னிதானே மாஸ்டரே வந்துட்டுப் போயிட்டிருந்துச்சு."

டோம்னா பழைய கத்தியை எடுத்து மீதியை முடித்தாள்.

அன்று சாயங்காலம் அவன் சர்ச்சுப் பக்கம் போயிருந்தபோது அவள் கல்லின் பெட்டியைத் திறந்தாள். கல்லின் மேல், பழைய துணியில் சுற்றி, மாமனாரின் கத்தி இருந்தது. யாரோ உறவுக்காரனுக்கு இரவல் கொடுத்திருப்பதாக த்ரயானோஸ் சொல்லியிருந்த கத்தி. விரித்துப் பார்த்தாள். விளிம்பில், நடுவில், அரிசி மணி அளவுக்குப் பிளந்திருந்தது. கல்லின் ஓரத்தில் அதே அளவுக்கு ஒரு கீறல்.

எந்தத் திங்கட்கிழமை நடந்திருக்கும் என்று டோம்னா யோசித்தாள். தான் சந்தைக்குப் போயிருந்த ஏதோ ஒரு திங்கட்கிழமை. ஒருவரும் பார்க்காத நேரத்தில் அவன் தனியாக உட்கார்ந்து முயன்றிருக்கிறான். புதுக் கத்திக்குக் கல் தேவையென்றால் அதைப் பிடிக்க ஒரு கை தேவை. கை இல்லாதவன் கல்லே தேவையில்லை என்று சொல்லிவிட்டான். அவ்வளவுதான் விஷயம். அவள் கத்தியைத் துணியில் சுற்றி இருந்தபடியே வைத்து மூடினாள்.

சொல்லிக் கேட்கிற ஆள் இல்லை அவன். நேராகப் போய் 'எனக்குத் தெரியும்' என்று சொன்னால் இரண்டு நாள் சாப்பிட மாட்டான். ஸ்டெர்யோஸின் கல்யாணம் அடுத்த ஞாயிறு. அதற்கு முந்தைய திங்கட்கிழமை, சாப்பாட்டுக்குப் பிறகு, த்ரயானோஸ் உள்ளே ரேடியோ கேட்டுக்கொண்டிருக்கையில், டோம்னா முற்றத்து மேசையில் கல்லைப் போட்டாள். தண்ணீர் தெளித்தாள். புதுக் கத்தியை எடுத்து, அவன் செய்யக் கண்டதை நினைவில் வைத்து, தேய்க்க ஆரம்பித்தாள்.

சத்தம் நன்றாக இல்லை என்று அவளுக்கே தெரிந்தது. கரகரவென்றது. ரேடியோ நின்றது. பிறகு வாசற்படியில் அவன் வந்து நின்றான்.

"என்ன பண்றே?"

"கத்தி பிடிக்கறேன்."

"அதுக்குக் கல் வேணாம்னு சொன்னேன்."

"சொன்னே. ஸீஸிஸோட தாடை வேற மாதிரி சொல்லுது."

அவள் மறுபடி தேய்த்தாள். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"முதுகைத் தூக்கறே."

"தூக்கல."

"எனக்குக் கேக்குது. கத்தி படுத்துக்கிட்டுப் போகணும். முதுகும் விளிம்பும் ரெண்டும் கல்லைத் தொடணும். திருப்பும்போது முதுகு மேல புரட்டு. விளிம்பு மேல புரட்டினா அத்தோட போச்சு."

"இப்படியா?"

"அது தோசைக்கரண்டி இல்ல, அப்படி அழுத்தறதுக்கு. அதோட எடை போதும். ஐயோ, பாக்கவே முடியல."

"அப்போ நீ வந்து பண்ணு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. கத்தியைக் கல்லிலிருந்து எடுத்துவிட்டாள். முற்றத்தில் மிளகாய்ச் சரங்கள் காற்றில் சலசலத்தன. த்ரயானோஸ் படியிலிருந்து இறங்கி, எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தான். கைகளை வழக்கம்போலத் தொடைக்கு அடியில் செருகவில்லை. முழங்கால்மேல் வைத்துக்கொண்டான். அவை பாட்டுக்கு ஆடின.

"முடியாதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"பெட்டியைத் திறந்ததுலேர்ந்து."

அவன் தலையை ஆட்டினான். "அப்பாவோட கத்தி அது."

"அவர் இருந்திருந்தா உன்னைத்தான் திட்டியிருப்பாரு. என்னை அவர் திட்டினதே இல்ல."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சிரிப்பா, வேறெதுவுமா என்று அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. கல்லில் தண்ணீர் தெளித்தாள்.

"சரி," என்றான் அவன். "அடியிலேர்ந்து ஆரம்பி. விளிம்பு முன்னால போகட்டும். நுனி வரைக்கும் இழுத்துட்டு வா."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். பார்த்தால் கை பதறும், கேட்டால் பதறாது என்றான். அவள் இழுப்பாள், அவன் "ம்" என்பான். சில தடவை "ம்" வராது. "நுனியை விட்டுட்டே" என்பான், அல்லது "இப்போ இடது பக்கம் மட்டும் தேயுது, அதோட தங்கச்சி வலது பக்கத்தை விட்டுட்டே" என்பான். அவள் இரண்டு தடவை கோபித்துக்கொண்டு எழுந்தாள். ஒரு தடவை அவன் எழுந்து போனான். காபி போடப் போனவன் போடாமலே திரும்பி வந்தான். தலையிலிருந்து ஒரு முடியைப் பிடுங்கி விளிம்பில் தொட்டுப் பார்த்தார்கள். வளைந்தது, அறவில்லை. மறுபடி கல். வெயில் சுவரேறிப் போய்க்கொண்டிருந்தபோது கரகரப்பு போய், பட்டுத் துணியை இழுப்பது மாதிரி ஒரே சீரான சத்தம் வந்தது. அவன் கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினான்.

"முடி கொடு."

"உன் கை ஆடும். நான் பிடிக்கறேன்."

முடி சத்தமில்லாமல் இரண்டாகி விழுந்தது.

அன்றைக்கே, அந்த முற்றத்திலேயே, அவள் அவனுக்குச் சவரம் செய்தாள். இத்தனை வருஷத்தில் அவன் தன் முகத்தை யாரிடமும் கொடுத்ததில்லை; கை ஆடத் தொடங்கிய பிறகு பாதுகாப்பு ரேஸரால் ஏதோ சுரண்டிக்கொண்டிருந்தான், காதோரம் எப்போதும் கொஞ்சம் மயிர் விட்டுப்போயிருக்கும். இப்போது பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கழுத்தை நிமிர்த்தினான். கத்தி நுரையை வழித்துக்கொண்டு போனது. கவ்வவில்லை, நிற்கவில்லை. அவள் துண்டால் துடைத்துவிட்டாள்.

"எப்படி இருக்கு?"

அவன் கன்னத்தைத் தடவிப் பார்த்தான். "ஜெர்மன்காரன் நல்லாத்தான் பண்ணியிருக்கான்."

ஈரத் துண்டு அவன் முகத்தில் வந்து விழுந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்டெர்யோஸ் வீட்டு முற்றத்தில் பித்தளை வாத்தியக்காரர்கள் காலையிலேயே வந்துவிட்டார்கள். நடுவில் நாற்காலி போட்டு மாப்பிள்ளையை உட்கார்த்தி வைத்திருந்தார்கள். தோளில் வெள்ளைத் துண்டு, சுற்றிலும் தோழர்கள், ஆளாளுக்குக் கையில் சாராயக் குப்பி. டோம்னா கறுப்பு உடுப்புக்கு மேல் சுத்தமான ஏப்ரன் கட்டிக்கொண்டு முன்னால் வந்தபோது மாப்பிள்ளையின் பெரியப்பா குறுக்கே வந்து நின்றார்.

"சலூன்ல என்ன வேணா பண்ணுங்க. மாப்பிள்ளைச் சவரத்துக்குப் பொம்பளை கையா? இது வரைக்கும் நடந்ததில்ல."

மாப்பிள்ளையின் அம்மா கலியோபி ரொட்டித் தட்டோடு நின்றிருந்தாள். "இவனைப் பெத்தது, குளிப்பாட்டினது, மூக்குச் சளி துடைச்சது எல்லாம் பொம்பளை கைதான். தாடிக்கு மட்டும் மீசை வச்ச ஆள் வேணுமா? அப்போ நீங்களே பண்ணுங்க அத்தான். கத்தி இருக்கு."

பெரியப்பா காலையிலிருந்தே குடித்திருந்தார். அது அவருக்கும் தெரியும். ஒதுங்கிக்கொண்டார்.

டோம்னா நுரை போட்டாள். ஸ்டெர்யோஸ் சிரித்துக்கொண்டுதான் இருந்தான், ஆனால் அவன் தாடை நடுங்கியது. முழங்கால் தனியாகத் துள்ளியது. கத்தியை இரண்டு தடவை கிட்டே கொண்டுபோய் அவள் எடுத்துவிட்டாள். மூன்றாம் தடவை வாயில் வந்துவிட்டது:

"ஆடாதடா. எங்க வீட்டுல ஒருத்தர் ஆடறது போதும்."

கிளாரினெட்காரன் மூச்சு வாங்க நிறுத்தியிருந்த நேரம் அது. முற்றம் முழுக்கக் கேட்டது. ஸீஸிஸ் தரையைப் பார்த்தான். கலியோபி தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். யாரும் ஒரு வருஷமாகச் சொல்லாத வார்த்தை, கல்யாண முற்றத்தில், மனைவியின் வாயிலிருந்து. டோம்னாவுக்குக் காதெல்லாம் சுட்டது. அவள் மெதுவாகத் திரும்பிப் பார்த்தாள்.

த்ரயானோஸ் வாத்தியக்காரர்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். அவன் தோள் குலுங்கியது. பிறகு சத்தமாகவே சிரித்தான். வலது கையைத் தூக்கி எல்லோருக்கும் தெரியும்படி பிடித்தான். அது இலை மாதிரி ஆடியது.

"பாருங்க. இவனுக்கு ஆட மேளம் வேணும். எனக்கு அது கூட வேணாம், சும்மாவே ஆடுவேன்."

முதலில் சிரித்தது ஸீஸிஸ். பிறகு மத்தளக்காரன், பிறகு எல்லோரும். யாரோ த்ரயானோஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். வாத்தியம் மறுபடி தொடங்கியது. மாப்பிள்ளையும் சிரித்ததில் நடுக்கம் தெளிந்திருந்தது. டோம்னா ஒரு கன்னத்தை ஒரே இழுப்பில் வழித்தெடுத்தாள். மோவாயில் மட்டும் ஒரு சின்ன வெட்டு விழுந்தது. அது கத்தியின் குற்றமோ அவள் குற்றமோ இல்லை. அவன் மறுபடி சிரித்துவிட்டான். படிகாரம் வைத்து அழுத்தினாள். "சொன்னேனா இல்லையா" என்று பெரியப்பா பின்னாலிருந்து முனகினார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு த்ரயானோஸ் கையை மறைப்பதை விட்டுவிட்டான். மாத்திரையைக் கோட்டுப் பையிலிருந்து எடுத்துச் சமையலறை அலமாரியில் வைத்தான். ஸீஸிஸ் கேட்காமலே அவனுக்கு மட்டும் பாதிக் கோப்பை காபி ஊற்றித் தர ஆரம்பித்தான். குடித்து முடித்ததும் அடுத்த பாதி வரும். திங்கட்கிழமைகளில் முற்றத்து மேசையில் கல் இருக்கும், எதிர் பெஞ்சில் அவன் இருப்பான். நாளாக ஆக "ம்" தவிர வேறெதுவும் சொல்லத் தேவைப்படவில்லை. ஆனால் புதுக் கத்தியைப் பற்றி யாராவது கேட்டால் அவள் கல் வேண்டும் என்றும் அவன் வேண்டாம் என்றும், கணவனும் மனைவியும் ஒரே நேரத்தில் வெவ்வேறு பதில் சொல்வார்கள்.

நோய் தன் பாட்டுக்கு நடந்தது. காலுக்கு வந்தது, பேச்சுக்கு வந்தது. கடைசிக் குளிர்காலத்தில் அவன் மாடியிலிருந்து இறங்கவில்லை. டோம்னா மத்தியானம் கடையை அடைத்துவிட்டுப் போய் அவனுக்குச் சோறு ஊட்டிவிட்டு, அன்று யார் யார் வந்தார்கள், யார் என்ன பொய் சொன்னார்கள் என்று ஒப்பிப்பாள். பனி உருகுவதற்கு முன்னால் அவன் போய்விட்டான்.

துக்கம் கழிந்ததும் பஸ்காலிஸ் அம்மாவை ஜெர்மனிக்கு அழைத்துக்கொண்டு போனான். அங்கே வெந்நீர் குழாயில் வரும், மாடி ஏற வேண்டாம், இனி நின்றுகொண்டு வேலை செய்ய வேண்டாம் என்றான். டோம்னா எல்லாவற்றையும் பார்த்தாள், எல்லாவற்றையும் நல்லது என்றாள். ஒரு நாள் அவன் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் கிளம்பறேன்" என்றாள்.

"ஏம்மா, இங்க என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல. எல்லாரும் தனித்தனியாக் குளியலறைக் கதவைச் சாத்திட்டுச் சவரம் பண்ணிக்கறீங்க. யார்கிட்ட என்னத்தைப் பேசறது?"

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவள் ஆற்றோரத்துச் சலூனின் ஷட்டரைத் தூக்கினாள். துருப்பிடித்திருந்தது, பாதி வரை வந்து நின்றுவிட்டது. வெளியே ஏற்கெனவே இரண்டு பேர், யார் முதலில் வந்தது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பேரும் முதல்ல இதைத் தூக்குங்க," என்றாள் டோம்னா. "அப்புறம் சண்டை போடலாம்."

தூக்கினார்கள். அவள் உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்து, வெந்நீருக்குக் கெண்டியை ஏற்றினாள்.